அந்துக்கு விதைத்த நான்கு வரிசை

நூறு தண்டு. அதுதான் கணக்கு.
வயலின் குறுக்கே நடந்து, தேர்ந்தெடுக்காமல்,
கைக்கு அகப்பட்டதை வெட்டி
நெடுக்கே பிளந்து
எத்தனை புழு, எத்தனை துளை, எத்தனை கணு சிவந்தது
என்று நோட்டில் எழுதுவேன்.
கூட்டுறவு எனக்குக் கூலி தருவது இதற்குத்தான்.
பிளந்த கரும்பில் நல்ல பாதியை மென்றபடி
கெட்ட பாதியை எண்ணுவேன்.

போன பருவம் நூற்றுக்கு முப்பத்தொன்று.
ஆலையில் சாற்றைச் சோதித்துச் சீட்டைக் கொடுத்தார்கள்.
தலைவர் பெக்கிதெம்பா தொப்பியைக் கழற்றி
முழங்காலில் மாட்டிக்கொண்டு
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

உசுத்து ஆற்றின் இந்தக் கரையில்
கரும்பு வருமுன் சதுப்பு இருந்தது.
சதுப்பில் கோரை. கோரைக்குள் இந்த அந்து.
தண்டைக் குடைந்து, பிள்ளைகளில் பாதியைக்
குளவிக்குக் கொடுத்து,
ஸ்வாசி நாட்டில் யாருக்கும் தொந்தரவில்லாமல் கிடந்தது.
வாய்க்கால் வெட்டி நீரை வடித்தது நாங்கள்.
வீடு போனவள் திறந்த வீட்டில் நுழைந்தாள்.
கூட்டத்தில் இதைச் சொன்னேன்.
சிரித்தார்கள்.

இந்தப் பருவம் கரும்பின் ஓரத்தில்
நான்கு வரிசை மக்காச்சோளம் போட்டோம்.
மனுஷர் தின்ன அல்லவாம்.
இருட்டில் பறந்து வருகிறவளுக்கு
முதலில் எதிர்ப்படும் வாசல் அது,
கரும்பைவிட இளசு, மணத்திலும் ஒரு படி மேல்.
வரட்டும். முட்டையிடட்டும்.
புழு தண்டுக்குள் போய்ப் படுக்கட்டும்.
சிறகு முளைக்குமுன்
வேரோடு பிடுங்கி நறுக்கி மாட்டுக்குப் போட வேண்டும்.
பத்து நாள் பிந்தினால்
பொறி தொட்டிலாகிவிடும்.

விதைக்கிறபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.
பிடுங்கும் நாள் ஜனவரியில் வந்தது,
பழைய மாவு தீர்ந்து
புது மாவு வராத மாதத்தில்.
கதிரில் பால் பிடித்திருந்தது.
ஹ்லோபிசிலே அரிவாளோடு வந்தாள்.
வந்தவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.
"இன்னும் பத்தே நாள், கெட்சீவே.
சுடுகிற பதம் வந்துவிடும்."
அவள் வீட்டில் ஐந்து தட்டு.
என் நோட்டில் தேதி.

செய்ததைச் சொல்கிறேன்.
கிழக்கே இரண்டு வரிசையைப் பிடுங்கினேன்.
மேற்கே இரண்டை விட்டேன்.

பத்தாம் நாள் மாலை நெருப்பு மூட்டினார்கள்.
எனக்கும் ஒரு கதிர் வந்தது.
உப்பு தேவைப்படவில்லை.
கைசுடத் தின்றுகொண்டே திரும்பிப் பார்த்தேன்:
கதிர் ஒடித்த தண்டுகளில் வட்ட வட்டமாகத் துளை,
உள்ளே காலியான கூடு,
சாவியை வைத்துவிட்டுக் கிளம்பியவர்களின் அறை போல.

மே மாதம் நூறு நூறாக வெட்டினேன்.
கிழக்கே ஒன்பது.
மேற்கே இருபத்தாறு.
இருபத்தாறைப் பதினாறாக்க
ஒரு கோடு போதும். பென்சில்தானே.
அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு
மறுநாள் எடுத்துப் போய்
அப்படியே கரும்பலகையில் எழுதினேன்.

பெக்கிதெம்பா மேற்கு யார் பொறுப்பு என்றார்.
நான் என்றேன்.
நானும்தான் என்றாள் ஹ்லோபிசிலே, வாசலில் நின்றபடி,
"பசித்தவர்களுக்கு நடுவே சோளத்தை நட்டுத்
தொடாதே என்றால் அது என்ன திட்டம்?
வாய்க்காலில் கோரையைத் திரும்ப வையுங்கள்.
கோரையை யாரும் சுட்டுத் தின்பதில்லை."
இந்த முறையும் சிரித்தார்கள், வேறு விதமாக.
பாய் பின்னுகிற பெண்கள் மட்டும்
எப்போது அறுக்கலாம் என்று கேட்டார்கள்.
அதற்கு இன்னும் பதில் இல்லை.

ஆகஸ்டில் சேற்றில் இறங்கிக் கிழங்கு ஊன்றினோம்.
முழங்கால் வரை குளிர்.
இன்று, வளர்ந்த கோரையில் ஒன்றைப் பிளந்தேன்.
ஒரு புழு.
அதை ஒட்டி, அரிசிமணி அளவில்,
குளவி நெய்த வெள்ளைக் கூடு.

புழுவுக்குக் கட்டம் இருக்கிறது என் நோட்டில்.
இதற்கு இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.